இடைகழியில் காத்திருந்தோம்

விழுப்புரத்தில் பஸ் ஏறி மாம்பழப்பட்டைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, கேட்பானேன்! பஸ் கூரையின் மேல் அது விழுந்த சத்தத்தில், கண்டக்டர் டிக்கெட் கேட்டது யார் காதிலும் ஏறவில்லை. முன் ஸீட்டிலிருந்த பெரியவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ராமா, ராமா!" என்றார். என் மடியிலிருந்த பேத்தி மட்டும் ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீர்க் கோடுகளை விரலால் துரத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். மழை என்றால் அவளுக்கு அவ்வளவுதான். கண்ணாடியில் ஓடுகிற கோடு. கையை நீட்டினால் குளிர்ச்சி. அதற்கு ஒரு சத்தம் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது.

இரண்டரை வயதுக் குழந்தை. பிறவியிலேயே இரண்டு காதும் கேளாது. எட்டு நாள் முன்பு சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில், அவளுடைய வலது உட்காதுக்குள் ஒரு கருவியை வைத்துத் தைத்திருந்தார்கள். 'காக்ளியர் இம்ப்ளான்ட்' என்று பெயர். வைத்தவுடனே கேட்டுவிடாது. புண் ஆற வேண்டும். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத்தான் காதின் பின்புறம் மாட்டுகிற வெளிக்கருவியைப் பொருத்தி, ஸ்விட்சைப் போடுவார்கள். அதுவரைக்கும் எங்களுக்கு ஒரே வேலை, காத்திருப்பது. சென்னையில் இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட, திருக்கோவிலூரில் என் மருமகளின் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டோம்.

மருமகளின் பிறந்த வீடு என்றேன். என் பிறந்த வீடும் அதுதான். அவள் என் அண்ணன் மகள். இதைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

அரகண்டநல்லூரைத் தொட்டதும் மழை சற்று விட்டது. பெண்ணையாற்றங்கரையில் பாறை மேல் அதுல்யநாதேசுவரர் கோயில் நனைந்து கறுத்து நின்றது. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில், மதுரையிலிருந்து ஓடி வந்த ஒரு பதினாறு வயதுப் பையன், கையிலிருந்த காசு தீர்ந்து போய் இந்த மாம்பழப்பட்டில் ரயிலை விட்டிறங்கி, நடந்தே இந்தக் கோயிலுக்கு வந்து சேர்ந்தான். மறுநாள் கீழூரில் ஒரு பாகவதர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. காதிலிருந்த கடுக்கனைக் கழற்றி அவரிடம் அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கிக்கொண்டு, செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். கடுக்கனை மீட்கிற உத்தேசமே இல்லாததால் விலாசம் எழுதிய சீட்டையும் வழியிலேயே கிழித்துப் போட்டுவிட்டான். பிற்பாடு ரமண மகரிஷி என்று உலகம் கொண்டாடியது அவரைத்தான். பஸ் பாலத்தின் மேல் ஏறும்போது இந்தக் கதை எனக்கு நினைவு வந்ததற்குக் காரணம் உண்டு. எதிரே என்னை அழைக்க வந்து நின்றிருந்த அண்ணியின் காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி செருகியிருந்தது.

"அதென்ன அண்ணி?" என்றேன்.

"வலிக்கிறது என்று கழற்றி வைத்தேன்" என்றாள். முப்பது வருஷமாக வலிக்காத காது!

ஆபரேஷன் செலவையும் கருவியின் விலையையும் அரசாங்கக் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொண்டது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, வருமான வரம்புக்குள் இருக்கும் குடும்பமானால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதைச் செய்துகொள்ளலாம். லட்சக்கணக்கில் ஆகிற காரியம். நம்மைப் போன்றவர்கள் கனவில்கூட நினைக்க முடியாது. ஆனால் ஆபரேஷனோடு முடிந்துவிடுகிறதா? அதற்குப் பிறகு குறைந்தது ஒரு வருஷம், வாரந்தோறும் கேட்கவும் பேசவும் பயிற்சிக்குப் போக வேண்டும். பஸ் கட்டணத்தை யார் கொடுப்பார்கள்? வேலைக்கு லீவு போட்ட நாளின் சம்பளத்தை யார் கொடுப்பார்கள்? அண்ணியின் தோடு அதற்காகத்தான் சேட்டுக் கடைக்குப் போயிருக்கிறது என்று மருமகள் மறுநாள் சொன்னாள். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. வேப்பங்குச்சியை மாற்றும்போது விளக்கைப் பிடித்தேன், அவ்வளவுதான்.

எப்போது தெரிந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தீபாவளியன்று தெரிந்தது. அப்போது அவளுக்கு எட்டு மாதம். வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்துத் தெருவே புகையாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வீறிட்டன. தொட்டிலில் இவள் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். "என்ன சமர்த்து, பார்!" என்று நான்தான் முதலில் பெருமைப்பட்டேன். பெருமைப்பட்டுக்கொண்டே இருந்தபோது, அடிவயிற்றில் என்னவோ செய்தது. தாம்பாளத்தை எடுத்துத் தொட்டிலுக்குப் பின்னாலிருந்து தட்டினேன். மறுபடியும் தட்டினேன்.

ஒரு டாக்டரிடம் காட்டினோம். "சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த வார்த்தையைக் கேட்கத்தானே நாங்களும் ஆசைப்பட்டோம்! அதை நம்பி ஒரு வருஷத்துக்கு மேல் வீணாக்கினோம். பிறந்த குழந்தைக்கு ஓரிரண்டு நாளிலேயே, தூங்கும்போதே காதில் ஒரு சிறு முனையை வைத்துச் சில நிமிஷங்களில் சோதித்துவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் மூளைக்குச் சத்தம் போய்ச் சேருகிறதா என்று பார்க்க 'பெரா' என்று இன்னொரு சோதனை. எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவுக்கு நல்லது. பேச்சைப் பிடித்துக்கொள்கிற சக்தி மூளைக்கு முதல் சில வருஷங்களில்தான் மிக அதிகமாம். பேரன் பேத்தி எடுக்கப் போகிறவர்கள், காப்புக்கும் கொலுசுக்கும் சொல்லி வைக்கிறபோது, இந்தச் சோதனைக்கும் ஆஸ்பத்திரியில் சொல்லி வையுங்கள்.

*

மறுநாள் காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு உலகளந்த பெருமாள் சந்நிதிக்குப் போனோம். அண்ணன் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தாலே பதினொரு நிலைக் கோபுரம் தெரியும். நான் பாவாடை கட்டிய நாளில், அந்தக் கோபுரம்தான் உலகத்திலேயே உயரம் என்று பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டிருக்கிறேன்.

திருக்கோவிலூரின் பெருமை முழுவதும் ஓர் இடைகழியில் அடங்கியிருக்கிறது. இடைகழி என்றால் வேறொன்றுமில்லை, பழைய வீடுகளில் ரேழி என்கிறோமே, அதுதான். ஒரு மழை இரவில் மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து ரேழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். ஒருவர் படுக்கலாம் என்ற அளவு இடம். பிறகு பூதத்தாழ்வார் வந்தார். இருவர் உட்காரலாம் என்று எழுந்து உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார், மூவர் நிற்கலாம் என்று எழுந்து நின்றார்கள். கும்மிருட்டு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அப்போது நாலாவதாக யாரோ உள்ளே புகுந்து நெருக்குவதாக மூவருக்கும் தோன்றியது. யாரென்று பார்க்கப் பாட்டாலேயே விளக்கேற்றினார்கள். பெருமாள் நின்றிருந்தார். ஆளுக்கு நூறு பாட்டாகப் பிறந்த மூன்று திருவந்தாதிகளும் அந்த நெருக்கத்தின் பலன் என்பார்கள்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது விளக்குத்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இப்போது அந்த நெருக்கம்தான் பெரிதாகப் படுகிறது. கண் தெரியாத இருட்டில், உடம்பில் பட்ட ஸ்பரிசத்தால் அல்லவா, வந்தது யாரோ என்று கண்டுகொண்டார்கள்! என் பேத்தி என்னைக் கண்டுகொள்வதும் அப்படித்தான். நான் பின்னாலிருந்து வந்தால், தரை அதிர்வதை வைத்தே திரும்பிப் பார்ப்பாள். என் சரீரம் சற்றுத் தாராளம். அந்த விஷயத்தில் அவளுக்கு அனுகூலம்.

இந்தக் கோயிலில் பெருமாளுக்கு இன்னொரு விசேஷம். மற்ற இடங்களில் இடக்கையில் இருக்கும் சங்கு இங்கே வலக்கையில் இருக்கிறது. பட்டர் தீபாராதனைத் தட்டை உயர்த்தியபோது என் கண் அந்தச் சங்கை விட்டு அகலவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். நம் உட்காதில், ஒரு பட்டாணி அளவில், இரண்டரைச் சுற்றுச் சுற்றிய எலும்புக் கூடு ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்கு நத்தையோ சங்கோ என்றிருக்கும். அதற்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய மயிர்ச் செல்கள். வெளியிலிருந்து வருகிற அதிர்வை அவைதாம் மின்சாரச் செய்தியாக மாற்றி நரம்புக்குக் கொடுக்கின்றன. என் பேத்திக்குச் சங்கு இருக்கிறது, நரம்பும் இருக்கிறது. நடுவிலுள்ள அந்த மயிர்ச் செல்கள் வேலை செய்யவில்லை. அவற்றைத் தாண்டி நேராக நரம்பைத் தொடுவதற்குத்தான் கருவி. காதுக்குப் பின்னாலுள்ள பெட்டி சத்தத்தை வாங்கித் தோலுக்கு மேலிருந்தே ரேடியோ அலையாக உள்ளே அனுப்பும். உள்ளே சுருளுக்குள் நுழைத்த மெல்லிய கம்பி நரம்பைத் தூண்டும்.

1957-ல் பாரிஸில் இரண்டு பேர் முதன் முதலாக நரம்பைத் தூண்டிப் பார்த்தார்கள். இன்று பரவலாக வைக்கப்படுகிற பல முனைக் கருவிக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் என்ற டாக்டர். அவருடைய தகப்பனாருக்குக் காது மந்தம். மருந்துக்கடை வைத்திருந்த அவர் வாடிக்கைக்காரர்களிடம் படுகிற அவஸ்தையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. சுருண்ட காதுக்குள் கம்பியை எப்படி நுழைப்பது என்று தெரியாமல் தவித்தவர், 1977-ல் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனார். அங்கே கிடந்த ஒரு சங்கை எடுத்து, அதற்குள் ஒரு புல்லை நுழைத்துப் பார்த்தார். நுனி மெலிந்து அடி தடித்திருந்த புல், சுருளுக்குள் வளைந்து வளைந்து சென்றது! மறு வருஷம், 1978 ஆகஸ்டில், மெல்போர்னில் முதல் ஆபரேஷன் செய்தார். அந்தக் கடற்கரைச் சங்கைத்தான் நான் பெருமாள் கையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அபசாரமானால் பெருமாள் க்ஷமிக்கட்டும்.

பேத்தி என்னவோ மணியைப் பார்த்தாள். மணி ஆடியது, எல்லோரும் கை கூப்பினார்கள், அவளும் கை கூப்பினாள்.

*

வீட்டில் ஒரு பெரிய விவாதம் ஆரம்பமாயிற்று. குழந்தை முதலில் எந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும்? பெருமாள் கோயில் மணியை டெலிபோனில் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்றாள் அண்ணி. நாதஸ்வரம்தான் மங்களம் என்றார் அண்ணன். சென்னையிலிருந்து என் மகன் தினம் ராத்திரி கூப்பிட்டு, "நான்தான் முதலில் பேசுவேன், இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டேன்" என்பான். எதிர்வீட்டு அம்மாள், "என் பேத்தியின் கொலுசைத் தருகிறேன், அதைக் குலுக்குங்கள்" என்றாள். நான் வெளியே ஒன்றும் சொல்லாவிட்டாலும், என் மனதுக்குள் ஒரு தாலாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மருமகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலாம் நாள் துணி உலர்த்தும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அத்தை, அவள் அழுவாளாமே!"

"யார் சொன்னது?"

"ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் சொன்னார்கள். சில குழந்தைகள் சிரிக்கும், சில அப்படியே விறைத்துப் போய் நிற்கும், நிறையக் குழந்தைகள் பயந்து அழுமாம். சத்தம் என்றால் என்னவென்றே தெரியாத குழந்தைக்கு, உள்ளே என்னவோ நடக்கிறது என்றுதான் இருக்குமாம். அம்மா என்று நான் கூப்பிடுவதும், கதவு சாத்துவதும் அவளுக்கு ஒன்றாகத்தான் இருக்குமாம். பிரித்துத் தெரிய மாதக் கணக்கில் ஆகுமாம். நான் கூப்பிட்டு அவள் அழுதால் நான் என்ன செய்வேன், அத்தை?"

டெலிபோனில் ஆயிரம் பேர் பார்க்கிற அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்விட்சைப் போட்டதும் குழந்தை கண்ணை விரித்துச் சிரிக்கும். தாயார் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அத்தோடு படம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற இரண்டு வருஷத்தை யாரும் படம் பிடிப்பதில்லை. ஸ்விட்ச் போட்ட நாளிலிருந்துதான் காதுக்கு வயது கணக்காம். அன்று எங்கள் குழந்தைக்கு இரண்டரை வயது. அவள் காதுக்கு ஒரு நாள் வயது. ஒரு நாள் குழந்தையிடம் நாதஸ்வரத்தை எடுத்துக்கொண்டு யார் போவார்கள்?

அன்று மாலை அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் நாதஸ்வரம் இரண்டு வருஷம் கழித்து" என்றார்.

பக்கத்து வீட்டில் ஒரு தச்சர் இருக்கிறார். அவருக்கும் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. அறுபது வயதிருக்கும். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். அவர் செய்த கதவு இந்த ஊரில் பாதி வீட்டில் இருக்கிறது. பேத்திக்கு இந்த ஊரில் முதல் சிநேகிதர் அவர்தான். பலகையின் ஒரு முனையில் குழந்தையின் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துவிட்டு, மறுமுனையில் இழைப்புளியை ஓட்டுவார். அந்த அதிர்வு கையில் ஏற ஏற, இவள் உடம்பையே குலுக்கிச் சிரிப்பாள். பசி, தண்ணீர், பூனை, மழை, போதும் என்று ஏழெட்டு ஜாடைகளை மூன்றே நாளில் கற்றுக்கொடுத்துவிட்டார்.

ஒருநாள் அவர் குழந்தையின் காதுக்குப் பின்னாலிருந்த தையலைத் தொட்டுக் காட்டினார். பிறகு தன்னைக் காட்டினார். தன் வீட்டை, தன் கதவுகளை, தன் பேரன்களைக் காட்டினார். கையை விரித்து, "எதற்கு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய வாழ்க்கையில் என்ன குறை என்று எந்த ஜாடையில் நான் சொல்வது? அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று அவரே காட்டிவிட்டாரே! தெருக்கோடியைக் காட்டினேன், பஸ் வருகிற மாதிரி கையை வீசினேன், குழந்தைக்குப் பின்னால் வருகிற மாதிரி. அவர் யோசித்தார். தம் காலில் முழங்காலுக்குக் கீழே நீளமாக இருந்த ஒரு பழைய தழும்பைக் காட்டித் தலையை ஆட்டினார். அப்புறம் இழைப்புளியை எடுத்துக்கொண்டார். அவர் கற்றுக்கொடுத்த ஜாடைகளைக் குழந்தை மறக்கக் கூடாது என்று அன்றே தீர்மானம் செய்துகொண்டேன். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கருவியைக் கழற்றிவிட வேண்டுமே. அப்போது பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

*

ஒருநாள் வெயில் அடித்தது. கீழையூருக்குப் போய் வீரட்டானேசுவரரைத் தரிசித்துவிட்டு, ஆற்றங்கரைக்கு வந்தோம். சிவபெருமான் அந்தகாசுரனைச் சம்ஹாரம் செய்த ஸ்தலம் அது. அட்ட வீரட்டங்களில் ஒன்று. ராஜராஜ சோழனின் தாயார் வானவன் மாதேவி இந்த மலையமான்களின் குலத்துப் பெண்தான். ஆற்றில் கபிலர் குன்று நிற்கிறது. ஒரு பெரிய பாறை. அதன் தலையில் கூடு மாதிரி ஒரு சிறு கோயில். பாரி இறந்த பிறகு அவனுடைய பெண்கள் இருவரையும் இந்த நாட்டுக்கு அழைத்து வந்து கரை சேர்த்துவிட்டு, சிநேகிதன் இல்லாத உலகத்தில் இருக்க மனமில்லாமல் கபிலர் உயிரை விட்ட இடம் என்று சொல்வார்கள். அவர் தீப்புகுந்ததை வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் சொல்லுகிறது.

பெண்களைக் கரை சேர்ப்பது என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் அண்ணன் மகளைத்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். சொந்தம் விட்டுப்போகக் கூடாது, நகை வெளியே போகக் கூடாது, நாளைக்கு என்னைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த பெண்ணாக இருக்க வேண்டும் — எத்தனை காரணம்! டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார்: இந்தக் குழந்தைக்கு இதனால்தான் என்று சோதிக்காமல் சொல்ல முடியாது, ஆனால் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் குழந்தைகளிடம் பிறவிக் கேளாமை கூடுதலாகக் காணப்படுகிறது. நம் ராஜ்யத்தில் இன்றும் அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்தில் நடக்கிற கல்யாணங்கள் நூற்றுக்கு 28 என்கிறது 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு. அந்த 28-ல் என் வீடும் ஒன்று.

பாறையைப் பார்த்தபடியே, "எல்லாம் என்னால்தானே?" என்று மருமகளிடம் கேட்டுவிட்டேன். இரண்டரை வருஷமாகக் கேட்காத கேள்வி.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. ஆற்றில் தண்ணீர் அன்று அடக்கமாகத்தான் போயிற்று. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையைத் திறந்ததும் இதே ஆறு இரு கரையையும் என்ன பாடு படுத்திற்று என்று அண்ணன் கதை கதையாகச் சொல்லியிருந்தார்.

"சரி என்று தலையை ஆட்டியது நான்தானே, அத்தை?" என்றாள். "அவள் தண்ணீர்ப் பக்கம் போகிறாள் பாருங்கள். நீங்கள் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஓடிப் போய்ப் பிடியுங்கள்!"

ஓடினேன். அறுபத்தைந்து வயதில் மணலில் ஓடுவது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

*

மிச்ச நாட்களில் நாங்கள் பாடம் படித்தோம். ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகள். லிங் என்ற ஆசிரியர் ஏற்படுத்தியவை. தடித்த ஒலியிலிருந்து மெல்லிய ஒலி வரையில் பேச்சிலுள்ள எல்லா ஸ்தாயிகளுக்கும் இந்த ஆறும் அடையாளமாம். தினமும் கருவியை மாட்டியதும், உதட்டைப் பார்க்க முடியாதபடி பக்கத்தில் உட்கார்ந்து இவற்றைச் சொல்ல வேண்டும். குழந்தை கேட்டால் ஒரு மரக்கட்டையை டப்பாவில் போட வேண்டும். தச்சர் ஆறு கட்டைகளை இழைத்துக் கொடுத்தார். அண்ணிக்கு 'ஷ்' வரவில்லை. 'ச்' என்றுதான் வருகிறது. ரேழியில் உட்கார்ந்து அவளும் அண்ணனும் 'ஷ், ஷ்' என்று பயிற்சி செய்ததைப் பார்த்து, தபால்காரர் யாரோ தூங்குவதாக நினைத்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார்.

நாளைக் காலை பஸ். புதன்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என் மகன் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவான். யார் முதலில் பேசுவது என்ற விவாதம் முடிந்துவிட்டது. அந்தப் பெண் கருவியை மெல்ல மெல்ல ஏற்றுவார். மருமகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போதும் பேசுகிற மாதிரி ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். அழுதால் அணைத்துக்கொள்வாள்.

இன்றிரவு மறுபடி மழை. கரண்டு போய்விட்டது. ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தில், ஆற்றுக்கு அக்கரையில் திருவண்ணாமலைப் பக்கம் போகிற ரயில் கூவியது பாதிதான் கேட்டது. ரேழியில் பாயை விரித்து, பேத்தியை நடுவில் போட்டு, நானும் மருமகளும் இரண்டு பக்கமும் படுத்தோம். அண்ணி வந்தாள், "எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்" என்று. எழுந்து உட்கார்ந்துகொண்டோம். பேத்தி இருட்டில் கையை நீட்டித் துழாவினாள். என் கழுத்தைக் கண்டுபிடித்து, தொண்டைக் குழியின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள். பாடு என்று அர்த்தம். தினமும் இப்படித்தான் தூங்குவாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த அந்தத் தாலாட்டை ஆரம்பித்தேன்.